எச்ஐவி முற்றிய நிலையில் பூஞ்சைத் தொற்றைக் கண்டுபிடிப்பது: வார்டுக்குப் புதிதாக வருபவர்களுக்கு

ஏஆர்டி மையத்திலோ (எச்ஐவிக்குக் கூட்டு மருந்து கொடுக்கும் இடம்) மெடிக்கல் வார்டிலோ லேபிலோ புதிதாகச் சேர்ந்திருக்கும் டாக்டர், நர்ஸ், டெக்னீஷியன் எல்லோருக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். மருந்தளவுகள் இதில் இருக்காது, அதை உங்கள் சீனியரிடமும் நாகோவின் (தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு) வழிகாட்டுதலிலும் பார்த்துக்கொள்ளுங்கள். நான் சொல்லப்போவது கண்டுபிடிப்பதைப் பற்றி மட்டும். அதிலும் ஒரு விஷயத்தை விடாப்பிடியாகச் சொல்வேன்: எச்ஐவி முற்றிய நிலையில் ஒருவர் வந்தால், கூட்டு மருந்தின் முதல் மாத்திரைக்கு முன்னாலேயே பூஞ்சையைத் தேடிவிட வேண்டும். தேடும்போது பெரிய ஸ்கேனில் தொடங்காமல், பத்து நிமிடத்தில் பதில் தருகிற சின்னச் சோதனையில் தொடங்க வேண்டும்.

ஏன் இவ்வளவு அவசரம் என்றால், 2020-ஆம் ஆண்டுக்கான உலக மதிப்பீட்டின்படி எச்ஐவி உள்ளவர்களில் வருடத்துக்குச் சுமார் 1,52,000 பேருக்கு கிரிப்டோகாக்கஸ் மூளைக்காய்ச்சல் வருகிறது, சுமார் 1,12,000 பேர் அதில் இறக்கிறார்கள். எய்ட்ஸ் சாவுகளில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒன்று இந்த ஒரே பூஞ்சையால். நம் ஊரில் இது பழைய கதை இல்லையா என்று கேட்கலாம். இந்தியாவில் எச்ஐவி முதலில் கண்டறியப்பட்டது 1986-இல், சென்னையில், டாக்டர் சுனிதி சாலமனும் செல்லப்பன் நிர்மலாவும் செய்த வேலையால். 2004 ஏப்ரல் 1-இல் அரசு இலவசமாகக் கூட்டு மருந்து கொடுக்கத் தொடங்கியபோது முதல் எட்டு மருத்துவமனைகளில் தாம்பரம் சானடோரியமும் ஒன்று. மருந்து வந்து இருபது வருடத்துக்கு மேல் ஆகியும் சிடி4 (எச்ஐவி அழிக்கும் எதிர்ப்பு அணுக்களின் எண்ணிக்கை) ஐம்பதுக்கும் கீழே இறங்கியபின் வருபவர்கள் இருக்கிறார்கள். எச்ஐவி சோதனை செய்யும் நம்பிக்கை மையத்துக்குப் போகவே பயந்து தள்ளிப்போட்டவர்கள் ஒரு பக்கம். நாலைந்து வருடம் ஒழுங்காக மாத்திரை சாப்பிட்டுவிட்டு, வேலைக்காக வெளியூர் போனதில் விட்டவர்கள் இன்னொரு பக்கம். இந்த இரண்டாவது கூட்டத்தைத்தான் நாம் கோட்டைவிடுகிறோம், ஏனென்றால் அவர்கள் 'பழைய பேஷன்ட்', கார்டு இருக்கிறது, மாத்திரையைத் திரும்பக் கொடுத்தால் போதும் என்று நினைத்துவிடுகிறோம்.

1. முதலில் இவர் எந்த நிலையில் இருக்கிறார் என்று பாருங்கள்

உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரையறை எளிதானது. பெரியவர்களிலும் 5 வயதுக்கு மேற்பட்ட குழந்தைகளிலும் சிடி4 எண்ணிக்கை 200-க்குக் கீழே இருந்தாலோ, நோய் 3-ஆம் அல்லது 4-ஆம் கட்டத்தில் இருந்தாலோ அது முற்றிய நிலை. இதை ஆளைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். சட்டை இஸ்திரி போட்டு, நடந்தே வந்து, சிரித்துப் பேசுகிறவருக்கு சிடி4 40 இருக்கும். ரத்தத்தில் வைரஸ் எவ்வளவு என்று பார்க்கும் வைரல் லோடு வந்தபிறகு சிடி4 எதற்கு என்று சில இடங்களில் அதை விட்டுவிட்டார்கள். வைரல் லோடு மருந்து வேலை செய்கிறதா என்று சொல்லும், எந்தத் தொற்று வரக்கூடும் என்று சொல்லாது. புதிதாக வருகிறவர், விட்டுவிட்டுத் திரும்பி வருகிறவர், மருந்து தோற்றுப்போனவர் மூவருக்கும் சிடி4 எடுங்கள். எண்ணும் கருவி இல்லாத இடத்தில் 200-க்கு மேலா கீழா என்று மட்டும் சொல்லும் பட்டைச் சோதனையும் வந்துவிட்டது.

எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தால் பாதி வழி தெளிவாகிவிடும். 200-க்குக் கீழே நியூமோசிஸ்டிஸ் நிமோனியா, வாயிலும் உணவுக்குழாயிலும் கேண்டிடா. 100-க்குக் கீழே கிரிப்டோகாக்கஸ், ஹிஸ்டோபிளாஸ்மா, டலரோமைசிஸ் என்ற பூஞ்சைகள். இவை கல்லில் செதுக்கிய எல்லைகள் இல்லை, 180 இருக்கிறவருக்கும் கிரிப்டோகாக்கஸ் வரும். ஆனால் சிடி4 450 இருக்கிறவருக்கு மூச்சு வாங்கினால் முதலில் நியூமோசிஸ்டிஸ் என்று ஓடவேண்டியதில்லை.

2. ரத்தத்தில் கிரிப்டோகாக்கல் ஆன்டிஜென்

வார்டில் இதை 'கிராக்' என்றுதான் சொல்வோம். பூஞ்சையின் மேலுறையிலிருந்து கழன்று ரத்தத்தில் கலக்கும் சர்க்கரைப் பொருளைத் தேடும் பட்டைச் சோதனை. தலைவலி தொடங்குவதற்குப் பல வாரம் முன்பே இது ரத்தத்தில் தெரிய ஆரம்பித்துவிடும், இதன் மதிப்பே அதில்தான் இருக்கிறது. சிடி4 100-க்குக் கீழே இருக்கும் எல்லோருக்கும் கட்டாயம், 200-க்குக் கீழே என்றால் செய்வது நல்லது. அறிகுறி எதுவும் இல்லாவிட்டாலும்தான்.

செய்முறை: சின்னக் குழாயில் கிட்டோடு வரும் கரைப்பான் ஒரு சொட்டு, அதில் 40 மைக்ரோலிட்டர் சீரம், பட்டையை உள்ளே நிறுத்தி 10 நிமிடம். இரண்டு கோடு வந்தால் பாசிட்டிவ், இரண்டாவது கோடு எவ்வளவு மங்கலாக இருந்தாலும் அது கோடுதான். கண்ட்ரோல் கோடு மட்டும் வந்தால் நெகட்டிவ், அதுவும் வரவில்லை என்றால் சோதனையே செல்லாது, புதுப் பட்டை எடுங்கள். அரை மணி நேரம் கழித்து வந்து பார்த்துவிட்டு லேசாக ஏதோ தெரிகிறது என்று எழுதாதீர்கள், டைமர் வையுங்கள். சீரம், மூளைத் தண்டுவட நீர் இரண்டிலும் 95 சதவீதத்துக்கு மேல் சரியாகச் சொல்லும் சோதனை இது, இவ்வளவு மலிவில் இவ்வளவு நம்பகமான சோதனை எச்ஐவி வார்டில் வேறு அதிகம் கிடையாது. ஒரே ஒரு பொறி உண்டு: ஆன்டிஜென் மிக மிக அதிகமாக இருந்தால் பட்டை திணறிப்போய் நெகட்டிவ் காட்டலாம். ஆள் அரை மயக்கத்தில் கிடக்கிறார், தலைவலி மூன்று வாரம், ஆனால் கிராக் நெகட்டிவ் என்றால் சீரத்தை நன்றாக நீர்த்து இன்னொரு முறை போட்டுப் பாருங்கள்.

பாசிட்டிவ் வந்தால் டைட்டர் கேளுங்கள். சீரத்தை இரட்டிப்பு இரட்டிப்பாக நீர்த்துக்கொண்டே போய் எதுவரை கோடு வருகிறது என்று பார்ப்பதுதான் அது. 1:160 அல்லது அதற்கு மேல் இருந்தால் பூஞ்சை மூளைக்குப் போயிருக்க நிறைய வாய்ப்பு இருக்கிறது. அதற்காக டைட்டர் குறைவாக இருக்கிறது என்று முதுகில் ஊசி போட்டு மூளைத் தண்டுவட நீர் எடுக்காமல் விட்டுவிடாதீர்கள். ரத்தத்தில் ஆன்டிஜென் உள்ள, அறிகுறியே இல்லாதவர்களில் சுமார் மூன்றில் ஒருவருக்கு அந்த நீரில் ஏற்கெனவே பூஞ்சை இருக்கும்.

கூட்டு மருந்தை ஏன் நிறுத்தி வைக்கச் சொல்கிறேன் என்பதும் இங்கேதான் வருகிறது. பொதுவாக எச்ஐவி தெரிந்த அன்றே, தாமதமானாலும் ஒரு வாரத்துக்குள் மாத்திரை தொடங்குவதுதான் இன்றைய வழக்கம், அது நல்ல வழக்கம். ஆனால் கிரிப்டோகாக்கஸ் மூளைக்காய்ச்சல் இருக்கும்போது தொடங்கினால் எதிர்ப்பு சக்தி திடீரென்று விழித்துக்கொண்டு மூளைக்குள் வீக்கத்தைக் கூட்டிவிடும், சாவு அதிகமாகிறது. அதனால் பூஞ்சை மருந்து கொடுத்து 4 முதல் 6 வாரம் கழித்துத்தான் கூட்டு மருந்து. இந்தப் பத்து நிமிடச் சோதனையைச் செய்யாமல் மாத்திரை டப்பாவைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டால், அவர் மூன்றாவது வாரம் வலிப்போடு வருவார், மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று வீட்டில் சொல்வார்கள்.

3. முதுகில் ஊசி போட்டு நீர் எடுப்பது

தலைவலி, வாந்தி, பார்வை மங்கல், குழப்பமான பேச்சு, காய்ச்சல் இதில் எது இருந்தாலும், அல்லது ரத்தத்தில் கிராக் பாசிட்டிவ் என்றாலும் லம்பார் பங்க்சர், அதாவது எல்பி, முதுகில் ஊசி போட்டு மூளைத் தண்டுவட நீர் எடுப்பது. கழுத்து இறுக்கம் இல்லையே என்று தள்ளிப்போடாதீர்கள். எச்ஐவி முற்றியவர்களுக்கு அழற்சியே சரியாக வராது, பாதிப்பேருக்கு மேல் கழுத்து வளைந்துதான் கொடுக்கும்.

பெரிய தடை நோயாளியின் பயம். முதுகில் ஊசி போட்டால் கால் விளங்காமல் போய்விடும் என்று ஊரில் யாராவது சொல்லியிருப்பார்கள், கூட வந்த அண்ணனோ மாமியாரோ கையெழுத்துப் போடமாட்டேன் என்பார்கள். அவசரப்பட்டுத் திட்டாதீர்கள். தண்டுவடம் முடிந்து கீழே வெறும் நரம்புகள் மட்டும் இருக்கிற இடத்தில்தான் ஊசி போகிறது என்று உங்கள் இடுப்பையே தொட்டுக் காட்டுங்கள். அப்புறம், நீர் எடுத்தாலே தலைவலி குறையும் என்று சொல்லுங்கள், அது வெறும் சமாதானம் இல்லை, உண்மை. ஒரு முறை எடுத்து வலி குறைந்ததை உணர்ந்தவர் அடுத்த முறை தானாகவே கேட்பார்.

சிடி ஸ்கேன் முடிந்தால்தான் எல்பி என்று இரண்டு நாள் காத்திருப்பது நம் வார்டுகளில் சகஜம். எல்லோருக்கும் அது தேவையில்லை. ஒரு பக்கக் கை கால் பலவீனம், திரும்பத் திரும்ப வலிப்பு என்று மூளைக்குள் கட்டி இருப்பதற்கான அறிகுறி இருந்தால் ஸ்கேன் முதலில், டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணியின் கட்டியும் காசநோய்க் கட்டியும் அங்கே தெரியும். ரத்தம் உறையாத கோளாறு இருந்தாலும் நிறுத்துங்கள். ஆனால் கண் வெளிப்பக்கம் திரும்பாமல் எல்லாம் இரண்டாகத் தெரிகிறது என்பது அழுத்தம் கூடியதன் அடையாளம், ஆறாவது நரம்பு. அதைப் பார்த்துப் பின்வாங்காதீர்கள், அவருக்குத்தான் எல்பி மிக அவசரம். எல்பி செய்யவே முடியாத இடம் என்றால் ரத்தத்தில் கிராக் போடுங்கள். பாசிட்டிவும் தலைவலியும் சேர்ந்து இருந்தால் மூளைக்காய்ச்சல் என்றே எடுத்துக்கொண்டு பெரிய மருத்துவமனைக்கு அனுப்புங்கள்.

அழுத்தத்தை அளக்காமல் நீர் எடுப்பது பாதி வேலைதான். ஒருக்களித்துப் படுக்க வைத்து அளக்க வேண்டும், உட்கார வைத்து எடுத்த அளவு செல்லாது. ஊசி உள்ளே போனதும் மடக்கிய காலைக் கொஞ்சம் நீட்டச் சொல்லுங்கள், மூச்சைப் பிடிக்காமல் இருக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் பொய்யாக ஏறிக் காட்டும். மானோமீட்டர் இல்லை என்பது சாக்கு இல்லை: கிருமி நீக்கிய ஐவி செட் குழாயை ஊசியில் மாட்டிச் செங்குத்தாகப் பிடித்து, ஊசி மட்டத்திலிருந்து நீர் எவ்வளவு உயரம் ஏறுகிறது என்று ஸ்கேலால் அளந்துவிடலாம். 20 சென்டிமீட்டருக்குக் கீழே இருந்தால் சரி. 25-ஐத் தாண்டினால் நீரை மெல்ல வடித்து 20-க்குக் கீழே, அல்லது மிக அதிகமாக இருந்தால் பாதியாக, கொண்டுவாருங்கள். 20, 30 மில்லி வரை எடுக்க வேண்டியிருக்கும். அந்த நீரைக் கொட்டிவிடாதீர்கள், லேபுக்கு அனுப்புங்கள். காசநோய்க்கான ஜீன் எக்ஸ்பர்ட் சோதனைக்கு நிறைய நீர் இருந்தால்தான் பிடிபடும்.

நீர் கண்ணுக்குத் தெளிவாக இருக்கும். செல் எண்ணிக்கை சாதாரணமாக, புரதம் சாதாரணமாக, சர்க்கரையும் சாதாரணமாக வரலாம். சிஎஸ்எஃப் (மூளைத் தண்டுவட நீர்) நார்மல் என்று கேஸ் ஷீட்டில் எழுதி டிஸ்சார்ஜ் செய்துவிடுவது இந்த நோயில் நடக்கிற மிக மோசமான தவறு. நீரிலும் கிராக் போடாமல் நார்மல் என்ற சொல்லை எழுதாதீர்கள்.

4. இந்தியா இங்க், இது லேப்காரர்களுக்கு

நீரைச் சுழலவிட்டு அடியில் தங்கியதில் ஒரு சொட்டு, இந்தியா இங்க் என்ற கறுப்பு மை ஒரு சொட்டு, கலந்து கவர்ஸ்லிப் போட்டு முதலில் 10, பிறகு 40 லென்ஸில் பாருங்கள். மேலே தெளிந்து நிற்கும் நீரை வீணாக்க வேண்டாம், கிராக்கும் புரதமும் அதில் செய்யலாம். மை திட்டாகக் கறுத்துவிட்டால் வெளிச்சமே வராது, கொஞ்சம் குறையுங்கள்.

கறுப்புப் பின்னணியில் உருண்டையான ஈஸ்ட், அதைச் சுற்றிக் கூர்மையான விளிம்போடு வெளிச்சமான வளையம், சிலவற்றில் பக்கத்தில் மொட்டு விடுவதும் தெரியும். மொட்டைத் தேடுங்கள். லிம்போசைட்டும் மையைக் கொஞ்சம் தள்ளிவிடும், ஆனால் அதன் ஓரம் மசமசவென்று இருக்கும், உள்ளே ஒளி சிதறும் தடித்த சுவர் இருக்காது. காற்றுக் குமிழியும் ஏமாற்றும். மை பாட்டிலைப் பல மாதம் திறந்தும் மூடியும் வைத்திருந்தால் அதிலேயே ஏதாவது வளர்ந்திருக்கும், அதனால் வெறும் மையை மட்டும் ஒரு ஸ்லைடில் போட்டுப் பார்த்துவிட்டுத் தொடங்குவது நல்ல பழக்கம். இன்னொன்று: செல் எண்ணும் அறையில் கிரிப்டோகாக்கஸ் ஈஸ்ட்டுகளை லிம்போசைட் என்று எண்ணிவிடுவது அடிக்கடி நடக்கிறது. 'லிம்போசைட் 60' என்று வந்ததும் காசநோய் மூளைக்காய்ச்சல் என்று ஒரு பாதை திறந்துவிடும், அதில் போனவர் திரும்பி வருவது கஷ்டம்.

இந்தியா இங்க் நெகட்டிவ் என்றால் நோய் இல்லை என்று அர்த்தம் இல்லை. ஏழில் ஒன்றையாவது தவறவிடும் சோதனை அது, பூஞ்சை குறைவாக இருக்கும் ஆரம்பக் கட்டத்தில் இன்னும் அதிகமாகத் தவறவிடும். கிராக் பட்டை வந்த பிறகு இதன் இடம் இரண்டாவதுதான். ஆனால் பட்டை தீர்ந்துபோன நாட்களில் (தீர்ந்துபோகும்) இதுதான் கைகொடுக்கும், ஆகவே கண்ணைப் பழக்கி வையுங்கள்.

கல்ச்சர் கட்டாயம் போடுங்கள். சைக்ளோஹெக்ஸிமைடு கலக்காத சபூரோ அகாரில்தான் போட வேண்டும், அந்த மருந்து கிரிப்டோகாக்கஸையே வளரவிடாது. பெரும்பாலும் சில நாளில் வழவழப்பான வெள்ளைக் காலனி வரும். பேயெள் விதையில் செய்த அகாரில் பழுப்பாக வளரும், மற்ற ஈஸ்ட்டிலிருந்து பிரித்துக் காட்ட அது போதும். நெகட்டிவ் என்று எழுத இரண்டு வாரமாவது பொறுங்கள். இந்த அவசரத்தில் கல்ச்சர் எதற்கு என்று கேட்பவர்களுக்குப் பதில் கடைசியில் வருகிறது.

5. மூச்சு வாங்குகிறது என்று வந்தால்

நியூமோசிஸ்டிஸ். 1981 ஜூன் 5-இல் லாஸ் ஏஞ்சலிஸில் ஐந்து இளைஞர்களுக்கு இந்த நிமோனியா வந்தது என்ற சின்ன அறிக்கையிலிருந்துதான் எய்ட்ஸ் என்ற நோயே உலகத்துக்குத் தெரிந்தது. அப்போது இதை ஒருசெல் ஒட்டுண்ணி என்று நினைத்திருந்தார்கள், 1988-இல் மரபணு வரிசையைப் பார்த்துத்தான் பூஞ்சை என்று தெரிந்தது. பூஞ்சைதான், ஆனால் வழக்கமான பூஞ்சை மருந்துகள் குறிவைக்கும் எர்கோஸ்டெரால் இதன் உறையில் இல்லை, அதனால் ஃப்ளுகோனசோல் இதை ஒன்றும் செய்யாது.

கதை மெல்ல நகரும்: இரண்டு மூன்று வாரமாக வறட்டு இருமல், லேசான காய்ச்சல், முதலில் மாடி ஏறினால் மூச்சு வாங்கியது, இப்போது குளிக்கப் போனாலே வாங்குகிறது. ஸ்டெதஸ்கோப்பில் ஒன்றுமே கேட்காது. படுக்கையில் ஆக்சிஜன் 97 காட்டும். விரலில் மாட்டிய மீட்டரைக் கழற்றாமல் வராந்தாவில் ஒரு நடை நடக்கவிடுங்கள், 90-க்கு இறங்கினால் உங்களுக்கு விடை பாதி கிடைத்துவிட்டது. ஏற்கெனவே திணறிக்கொண்டிருப்பவரை மட்டும் நடக்கவிடாதீர்கள். எக்ஸ்ரேயில் இருபக்கமும் நடுவிலிருந்து வெளியே பரவும் மங்கல் இருக்கும், ஆரம்பத்தில் சுத்தமாகவும் இருக்கும். நுரையீரலைச் சுற்றி நீர், பெரிய நெறிக்கட்டிகள் என்று தெரிந்தால் காசநோயை முன்னால் வையுங்கள். இரண்டும் ஒன்றாக இருப்பதும் நடக்கும், சளியை எக்ஸ்பர்ட்டுக்கு அனுப்பாமல் எந்த முடிவுக்கும் வராதீர்கள்.

இந்தக் கிருமி கல்ச்சரில் வளராது, அதனால் கண்ணால் பார்க்க வேண்டும். சாதாரணமாகக் காறித் துப்பும் சளியில் கிடைப்பது அரிது. 3 சதவீத உப்பு நீரை நெபுலைசரில் கொடுத்து வரவழைத்த சளியோ, பிராங்கோஸ்கோப்பியில் கழுவி எடுத்த நீரோ வேண்டும், பின்னதில்தான் அநேகமாகத் தப்பாமல் பிடிபடும். நெபுலைசர் வைப்பதை வார்டுக்கு நடுவில் செய்யாதீர்கள், அவருக்குக் காசநோய் இருந்தால் பக்கத்துக் கட்டில் எல்லாம் அதை வாங்கிக்கொள்ளும். காற்றோட்டமான தனி இடம், உங்களுக்கு என்95. வெள்ளிச் சாயத்தில் சுவர் கறுத்து, சில அமுங்கிப்போன சிஸ்டுகள் தெரியும். இம்யூனோஃப்ளோரசன்ஸ் இருந்தால் அது இன்னும் நல்லது. பிசிஆர் மிக நுட்பமானது, அதுவே தொல்லை, நோய் இல்லாமல் சும்மா ஒட்டியிருப்பதையும் பாசிட்டிவ் என்று சொல்லிவிடும். ரத்தத்தில் எல்டிஎச் என்ற நொதி கூடியிருக்கும், ஆனால் வேறு பத்துக் காரணத்தாலும் கூடும். பூஞ்சைச் சுவரின் பொருளை ரத்தத்தில் தேடும் பீட்டா டி குளுக்கான் சோதனை விலை அதிகம், அது நெகட்டிவாக வந்தால் நியூமோசிஸ்டிஸ் இருக்க வாய்ப்பு குறைவு என்று சொல்ல உதவும்.

முக்கியமாக, சாம்பிள் எடுக்கவில்லை என்று சிகிச்சையை நிறுத்தி வைக்காதீர்கள். மருந்து தொடங்கிப் பல நாள் கழித்தும் சிஸ்டுகள் சாயத்தில் தெரியும். இரவில் வந்தவருக்கு இரவே மருந்து, காலையில் சாம்பிள்.

6. காசநோய் மருந்து கொடுத்தும் காய்ச்சல் இறங்காதவர்

மூன்று நான்கு வாரமாகக் காசநோய் மாத்திரை, காய்ச்சல் அப்படியே, எடை இன்னும் குறைகிறது, கல்லீரலும் மண்ணீரலும் பெருத்திருக்கின்றன, ரத்தத்தில் மூன்று வகை அணுக்களும் குறைந்திருக்கின்றன. மருந்துக்கு அடங்காத காசநோய் என்று முடிவு கட்டுவதற்கு முன் ஹிஸ்டோபிளாஸ்மாவை நினையுங்கள். இந்தியாவில் இது கங்கைச் சமவெளியில், குறிப்பாக மேற்கு வங்கத்தில் அதிகம் சொல்லப்படுகிறது. வௌவால், பறவை எச்சம் கலந்த மண்ணிலிருந்து மூச்சில் ஏறுவது. தெற்கில் இல்லை என்று அர்த்தம் இல்லை, தேடினால்தானே கிடைக்கும்.

சிறுநீரில் ஆன்டிஜென் பார்ப்பதுதான் உடம்பெங்கும் பரவிய ஹிஸ்டோபிளாஸ்மாவுக்கு எளிய, வேகமான வழி. நம் பக்கத்தில் எல்லா இடத்திலும் கிடைப்பதில்லை என்பதால் பழைய வழிகளை விடாதீர்கள். எலும்பு மஜ்ஜை, நெறிக்கட்டியில் ஊசி போட்டு எடுத்தது, வாய்ப்புண்ணின் ஓரம், சில சமயம் விரல் ரத்த ஸ்மியரே போதும். கீம்சா சாயத்தில் வெள்ளணுவுக்குள் 2 முதல் 4 மைக்ரான் அளவில் சின்னச் சின்ன ஈஸ்ட்டுகள் குவிந்திருக்கும். பீகார்காரர் என்றால் கருங்காய்ச்சலின் (காலா அசார்) ஒட்டுண்ணியும் ஏறக்குறைய இதே மாதிரி தெரியும், ஆனால் அதற்குள் கருவோடு சேர்த்துச் சின்னக் கோடு மாதிரி ஒன்று இருக்கும், ஹிஸ்டோபிளாஸ்மாவுக்கு அது கிடையாது. நெறிக்கட்டியில் ஊசி போட்டால் எடுத்ததை ஒரே சோதனைக்குச் செலவழிக்காதீர்கள்: ஒன்று காசநோய்க்கு, ஒன்று பூஞ்சைச் சாயத்துக்கு, மிச்சம் கல்ச்சருக்கு. கல்ச்சர் வர நான்கு முதல் ஆறு வாரம்கூட ஆகும்.

இங்கே ஒரு கண்டிப்பான வேண்டுகோள். லேபுக்கு அனுப்பும் சீட்டில் 'ஹிஸ்டோபிளாஸ்மா இருக்கலாம்' என்று எழுதுங்கள். கல்ச்சர் தட்டில் இது பூசணமாக வளரும்போது அதன் விதைத்துகள்கள் காற்றில் பறக்கும், தெரியாமல் திறந்து முகர்கிற தூரத்தில் பார்த்தவர் நோயாளி ஆகிவிடுவார். 'காய்ச்சல், காரணம் தெரியவில்லை' என்று மட்டும் எழுதி அனுப்புவது லேபில் இருப்பவருக்குச் செய்யும் துரோகம்.

7. தோலையும் பயணத்தையும் விசாரியுங்கள்

முகத்திலும் கையிலும் நடுவில் குழிந்த சின்னக் கொப்புளங்கள். மொலஸ்கம் என்ற சாதாரண வைரஸ் பருவும் அப்படித்தான் இருக்கும், ஆனால் அதற்குக் காய்ச்சலும் எடைக் குறைவும் வராது. ஆள் உடம்பால் ஓய்ந்துபோயிருந்து கொப்புளமும் இருந்தால் கிரிப்டோகாக்கஸ், ஹிஸ்டோபிளாஸ்மா, டலரோமைசிஸ் மூன்றில் ஒன்றாக இருக்க வாய்ப்பு அதிகம். கண்ணால் பார்த்து எது என்று சொல்ல முடியாது, சொல்கிறவர்களை நம்பாதீர்கள். கொப்புளத்தின் மேலே சுரண்டி ஸ்லைடில் ஒற்றி ரைட் அல்லது கீம்சா சாயம் போட்டால் அரை மணி நேரத்தில் பதில். டலரோமைசிஸ் மார்னெஃபியின் ஈஸ்ட் மொட்டு விடாது, நடுவில் குறுக்குச் சுவர் எழுந்து இரண்டாகப் பிளக்கும், அதுதான் அடையாளம். 25 டிகிரியில் வளர்த்தால் தட்டு முழுக்கச் சிவப்புச் சாயம் பரவும், 37 டிகிரியில் ஈஸ்ட்டாக மாறிவிடும்.

இது வியட்நாம், தாய்லாந்து, தென் சீனா, இந்தியாவில் மணிப்பூரும் அதைச் சுற்றிய பகுதிகளும் சார்ந்த பூஞ்சை. அதனால் சென்னையில் இருப்பவருக்குத் தேவையில்லாத அறிவு என்று நினைக்காதீர்கள். சென்னை ஹோட்டல்களிலும் சலூன்களிலும் வேலை செய்யும் வடகிழக்குப் பிள்ளைகள் எத்தனை பேர்! பட்டாளத்தில் அந்தப் பக்கம் இருந்துவிட்டு வந்தவர்கள், பர்மாவிலிருந்து திரும்பி மணிப்பூரின் மோரேயில் குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் என்று நம்மவர்களும் உண்டு. அங்கிருந்து வந்து பல வருடம் ஆனபிறகும் எதிர்ப்பு சக்தி குறைந்ததும் இது எழும்பும், ஆகவே போன மாதம் எங்கே போனீர்கள் என்று கேட்டால் போதாது, இதுவரை எங்கெல்லாம் இருந்தீர்கள் என்று கேளுங்கள். தோலில் ஒன்றும் இல்லாவிட்டால் ரத்தக் கல்ச்சரும் மஜ்ஜைக் கல்ச்சரும்.

அஸ்பர்ஜில்லஸ் என்ற இன்னொரு பூஞ்சைக்காகக் கேலக்டோமேனன் சோதனை போட்டுப் பாசிட்டிவ் வந்தால் உடனே அஸ்பர்ஜில்லஸ் என்று எழுதிவிடாதீர்கள். ஹிஸ்டோபிளாஸ்மாவும் டலரோமைசிஸும் அதே சோதனையைப் பாசிட்டிவ் ஆக்கும். எச்ஐவியில் அஸ்பர்ஜில்லஸ் அரிது, வெள்ளணு மிகக் குறைந்தவர்களிலும் ஸ்டீராய்டு ஓடுகிறவர்களிலும் மட்டும் யோசித்தால் போதும்.

8. வாய்

இதை முதலில் சொல்லியிருக்க வேண்டும், ஏனென்றால் டார்ச் மட்டும் போதும். நாக்கிலும் அண்ணத்திலும் தயிர் ஆடை மாதிரி வெள்ளைப் படலம், நாக்கு அழுத்தும் குச்சியால் வழித்தால் வந்துவிடும், அடியில் சிவந்திருக்கும். கேண்டிடா. நாக்கின் ஓரத்தில் வழித்தாலும் வராத வெள்ளை வரிகள் என்றால் அது வேறு, வைரஸால் வருவது. சந்தேகம் இருந்தால் வழித்ததைக் கேஓஎச் கரைசல் போட்டு மைக்ராஸ்கோப்பில் பாருங்கள், கல்ச்சர் வேண்டாம், நல்ல ஆரோக்கியமானவர் வாயிலும் கேண்டிடா வளரும். விழுங்கும்போது நெஞ்சுக்குள் வலிக்கிறது, சோறு இறங்கவில்லை, கஞ்சிதான் குடிக்கிறேன் என்றால் உணவுக்குழாய்க்குப் போய்விட்டது, நோய் 4-ஆம் கட்டம். எண்டோஸ்கோப்பிக்கு முதலில் ஓட வேண்டாம், ஃப்ளுகோனசோல் கொடுத்து ஒரு வாரம் பாருங்கள். அதில் குறையாவிட்டால் எண்டோஸ்கோப்பி, சைட்டோமெகலோ வைரஸும் ஹெர்பிஸும் அங்கே ஒளிந்திருக்கும். ஆனால் அந்த ஃப்ளுகோனசோல் மாத்திரையைக் கொடுப்பதற்கு முன்னால் ரத்தத்தில் கிராக் எடுத்துவிடுங்கள். வாய்ப்புண்ணுக்குக் கொடுத்த சின்ன அளவு மூளைக்குள் இருக்கும் கிரிப்டோகாக்கஸைக் கொல்லாது, அரைகுறையாக அமுக்கி வைக்கும், கல்ச்சரையும் கெடுக்கும்.

சீட்டு எழுதும்போது

எந்த மருந்து ஏற்கெனவே கொடுத்திருக்கிறது, சிடி4 எவ்வளவு, எதைத் தேடுகிறோம் மூன்றும் இருக்க வேண்டும். நீரைக் குளிர்பெட்டியில் வைக்காமல் கையோடு அனுப்புங்கள். எச்ஐவி நிலையைப் பெரிய சிவப்பு எழுத்தில் எழுதி வராந்தா வழியாக வார்டு பாயிடம் கொடுத்து அனுப்புகிற பழக்கம் இன்னும் சாகவில்லை. 2017-ஆம் ஆண்டின் எச்ஐவி சட்டம் ரகசியத்தைச் சட்டப்படியே காக்கச் சொல்கிறது. குறியீட்டு எண்ணும் மூடிய உறையும் போதும். எல்லா ரத்தத்தையும் எல்லா நீரையும் ஒரே எச்சரிக்கையோடுதான் கையாள வேண்டும், தனி முத்திரை தேவையே இல்லை.

9. மருந்து முடிந்து திரும்பவும் தலைவலி என்று வந்தால்

கூட்டு மருந்து தொடங்கிச் சில வாரம் முதல் சில மாதத்துக்குள் இது நடக்கும். பூஞ்சை திரும்ப வளர்கிறதா, அல்லது செத்த பூஞ்சையைப் பார்த்து எதிர்ப்பு சக்தி கொந்தளிக்கிறதா? இரண்டுக்கும் சிகிச்சை வேறு வேறு. கிராக் இங்கே உதவாது, ஒழுங்காகச் சிகிச்சை பெற்றவருக்கும் அது மாதக்கணக்கில் பாசிட்டிவாகவே இருக்கும். இந்தியா இங்க்கும் உதவாது, செத்த ஈஸ்ட்டும் வளையத்தோடுதான் தெரியும். கல்ச்சர் ஒன்றுதான் உயிரோடு இருக்கிறதா என்று சொல்லும், முதல் தடவை போட்ட கல்ச்சரின் பூஞ்சையைப் பத்திரமாக வைத்திருந்தால் மருந்துக்கு மசிகிறதா என்றும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஃப்ளுகோனசோலை ஒழுங்காகச் சாப்பிட்டாரா என்று கோபப்படாமல் கேளுங்கள், டப்பாவைக் கொண்டுவரச் சொல்லி மாத்திரையை எண்ணுங்கள். காசநோய் மூளைக்காய்ச்சல் புதிதாக வந்திருக்கிறதா என்று எக்ஸ்பர்ட்டும் அனுப்புங்கள். கல்ச்சர் முடிவு வர இரண்டு வாரம் ஆகும், அதுவரை டைட்டரைப் பார்த்து மருந்தை மாற்ற வேண்டாம், தலைவலி வரும்போதெல்லாம் எல்பி போட்டு அழுத்தத்தை அளந்து நீரை வடித்துக்கொண்டே இருங்கள்.